ஒரு படம், இரண்டு ஆட்டம்: வாடகைக்கு எடுத்த கதைகளின் வரலாறு

சற்று நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் போன வாரம் மெசஞ்சரில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். இப்போது அவருக்கே பத்து வயதில் மகன் இருக்கிறான். "சார், காலேஜ் படிக்கும்போது லார்டு ஆஃப் த ரிங்ஸ் கேம் ஒண்ணு ஆடுவோம். பையனுக்குக் காட்டலாம்னு தேடினா எங்கயும் விற்பனைக்கே இல்ல. படம் கிடைக்குது, புத்தகம் கிடைக்குது, கேம் மட்டும் ஏன் சார் கிடைக்கல?" அவர் சொன்னது 2004 டிசம்பரில் வந்த 'தி பேட்டில் ஃபார் மிடில்-எர்த்' என்ற ஆட்டம்.

எனக்கு வீடியோ கேம் ஆடத் தெரியாது. விரல்கள் ஒத்துழைப்பதில்லை. ஆனால் தேடிப் பார்த்தபோது, கேள்வி உண்மையில் கேமைப் பற்றியதே அல்ல, பத்திரங்களைப் பற்றியது என்று புரிந்தது. யார் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தார்கள், எத்தனை வருடத்துக்கு, எந்தச் சொல்லை வைத்து? வரலாற்று வாத்தியாருக்கு இது பழக்கமான வேலைதான். எனவே அவருக்கு இரண்டு வரியில் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஃபேண்டஸி படங்களிலிருந்து வந்த ஆட்டங்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெயர் வரும்: இ.டி. அது ஃபேண்டஸியா அறிவியல் புனைவா என்று சண்டை வேண்டாம்; நிலாவின் குறுக்கே சைக்கிள் பறக்கும் படம், போதும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் இந்தப் படம் 1982 ஜூனில் வெளிவந்து உலகத்தையே அழவைத்தது. அப்போது வீட்டு வீடியோ கேம் என்றால் அட்டாரி. அட்டாரியின் முதலாளி வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம். அவர்கள் 2 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து உரிமம் வாங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, கையெழுத்தானபோது ஜூலை முடியப் போகிறது. ஆட்டமோ கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடையில் இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ்களை லட்சக்கணக்கில் தயாரித்து அனுப்ப மாதங்கள் பிடிக்கும். எல்லாம் கழித்துப் பார்த்தால் எழுதுபவருக்கு மிஞ்சியது ஐந்து வாரம்.

ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற இளைஞரிடம் அந்த வேலை வந்தது. அவர் இதற்கு முன் எழுதிய 'யார்ஸ் ரிவெஞ்ச்' ஆட்டத்துக்கு ஏழு மாதம் போல எடுத்துக்கொண்டவர். அந்த இயந்திரத்தில் தற்காலிக நினைவகம் மொத்தமே 128 பைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பதிவின் முதல் இரண்டு வரிகூட அதில் அடங்காது. அந்த இடத்துக்குள், அந்தக் காலத்துக்குள், ஒரு மனிதர் முழு ஆட்டத்தையும் எழுதி முடித்துக் கொடுத்தார். விளையாடிய பிள்ளைகள் குழியில் விழுந்து விழுந்து எழுந்ததுதான் மிச்சம். சுமார் 15 லட்சம் விற்றது, அது சிறிய எண்ணிக்கை இல்லை. ஆனால் தயாரித்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். விற்காத சரக்கில் ஒரு பகுதியை 1983 செப்டம்பரில் லாரிகளில் ஏற்றி நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள்.

அதன் பிறகு முப்பது வருடம் ஒரே கதை: 'உலகின் மிக மோசமான ஆட்டம் ஒன்று அமெரிக்க வீடியோ கேம் தொழிலையே சாய்த்தது'. 2014 ஏப்ரலில் அந்தக் கிடங்கைத் தோண்டினார்கள். எடுத்த சுமார் 1,300 கார்ட்ரிட்ஜில் இ.டி. ஒரு பகுதிதான், பேக்-மேன் உட்பட அட்டாரியின் வேறு பல ஆட்டங்களும் கலந்து கிடந்தன. அட்டாரி 1983-ல் கண்ட நஷ்டம் 50 கோடி டாலருக்கும் மேல். ஒரே ஒரு ஆட்டத்தால் அவ்வளவு பெரிய பள்ளம் விழாது; அளவுக்கு மீறிய தயாரிப்பு, கடைகளில் குவிந்த மட்டமான சரக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரின் போட்டி என்று காரணங்கள் பல. ஆனாலும் பழி ஒரே ஆளின் தலையில் விழுந்தது. மூன்று மணி நேரத் தேர்வை முப்பது நிமிடத்தில் எழுதச் சொல்லிவிட்டு மதிப்பெண் குறைந்ததற்கு மாணவனைத் திட்டுவது போன்றது இது. வினாத்தாளைத் தாமதமாகக் கொண்டுவந்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வார்ஷா பின்னாளில் மனநல ஆலோசகர் ஆனார் என்பது கொசுறுச் செய்தி.

இ.டி.யை நான் இங்கே முதலில் வைத்ததற்குக் காரணம், அதில் ஒரு விஷயம் பச்சையாகத் தெரிகிறது. படத்திலிருந்து வரும் ஆட்டத்தின் முக்கால்வாசித் தலைவிதி, அதை உருவாக்குபவர் நாற்காலியில் உட்காரும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. அங்கே அது தேதி. அடுத்துச் சொல்லப்போவதில் அது எல்லைக்கோடு.

1992 நவம்பரில் டிஸ்னியின் 'அலாதீன்' வந்தது. அடுத்த ஆண்டு அதே படத்துக்கு ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள் கடைக்கு வந்தன. நின்டெண்டோவின் இயந்திரத்துக்கு ஜப்பானின் கேப்காம் நிறுவனம் செய்தது ஒன்று; சேகாவின் இயந்திரத்துக்கு விர்ஜின் கேம்ஸ் செய்தது இன்னொன்று. கேப்காமுக்கு டிஸ்னியோடு ஏற்கெனவே பழக்கம் இருந்தது. சேகாவோ டிஸ்னியோடும் விர்ஜினோடும் கைகோத்துத் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டது. இரண்டுக்கும் இடையே ஒற்றுமை அலாதீனின் பெயரும் ஆப்பிளும்தான். கேப்காமின் அலாதீன் எதிரியின் தலையில் குதித்துத் தாண்டுவான். விர்ஜினின் அலாதீன் கையில் வாள் இருக்கும். விர்ஜின் ஆட்டத்தில் டேவிட் பெர்ரியின் குழுவோடு டிஸ்னியின் ஓவியர்களே சேர்ந்து, தாளில் கையால் வரைந்த அசைவுகளை ஸ்கேன் செய்து ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். படத்தின் வீடியோ கேசட் வெளியீட்டை ஒட்டி அதை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி அங்கேயும் இருந்தது. ஆனால் ஐந்து வாரம் அல்ல, மாதக்கணக்கில் இருந்தது. படம் வரைந்த கைகளும் கூடவே இருந்தன. விளைவு, இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பார்த்தால் கண் குளிர்கிறது.

கேப்காம் ஆட்டத்தை வடிவமைத்தவர்களில் ஷின்ஜி மிகாமி ஒருவர். பிற்பாடு 'ரெசிடென்ட் ஈவில்' செய்து புகழ்பெற்றவர். தானே உருவாக்காமல் இருந்திருந்தால் சேகாவின் ஆட்டத்தைத்தான் வாங்கியிருப்பேன் என்று அவர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னாராம். பெரிய மனது. எது சிறந்தது என்று ரசிகர்கள் முப்பது வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். அது நம் வேலை இல்லை. ஒரு குழந்தைக்கு எந்த அலாதீன் கிடைத்தான் என்பதைத் தீர்மானித்தது அப்பா வாங்கிவந்த பெட்டியின் பிராண்டு. அதற்குப் பின்னால் ஒரு கையெழுத்து.

ஹாரி பாட்டர் கதை இன்னும் வேடிக்கையானது. முதல் படம் 2001 நவம்பரில் வந்தது. உரிமம் வாங்கியது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ஒரே நிறுவனம், சுருக்கமாக இ.ஏ. ஆனால் எல்லா இயந்திரத்துக்கும் ஒரே நாளில் சரக்கு தேவை. ஒரே குழுவால் முடியாது. எனவே கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்டுடியோ, பிளேஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டுடியோ, கையடக்கக் கேம்பாய்க்கு ஒரு ஸ்டுடியோ என்று பிரித்துக் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டியில் பெயர் ஒன்று. உள்ளே இருப்பது வேறு வேறு. கம்ப்யூட்டரில் மவுஸால் மந்திரக் குறியை வரைய வேண்டும். பழைய கேம்பாய் கலரில் வரிசை முறையில் சண்டை போட வேண்டும், சதுரங்கம்போல. பிளேஸ்டேஷனில் ஹாக்ரிட்டின் முகம் சப்பாத்திக் கட்டையால் தேய்த்ததுபோல் இருக்கும். இன்றைய இளைஞர்கள் அந்த முகத்தை மீம் ஆக்கிச் சிரிக்கிறார்கள்.

படங்கள் பத்து வருடத்தில் எட்டு. ஒவ்வொன்றோடும் ஓர் ஆட்டம். படப்பிடிப்பு தள்ளிப்போனால் ஆட்டத்துக்கு மூச்சு, போகாவிட்டால் ஓட்டம். 2007-ல் வந்த ஐந்தாவது ஆட்டத்தில் பள்ளிக் கோட்டை முழுவதையும் படத்தின் அரங்குகளைப் பார்த்து அழகாகக் கட்டினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். கடைசி இரண்டில் களைப்பு அப்பட்டம். சுவருக்குப் பின்னால் ஒளிந்து சுடும் போர் விளையாட்டாகவே ஆகிவிட்டது; மந்திரக்கோல் துப்பாக்கியானது. 2011-ல் படங்களோடு ஆட்டங்களும் நின்றன. 2023-ல் 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' வந்தபோது, கதையை ஹாரி பிறப்பதற்குப் பல தலைமுறை முன்னால், 1890-களில் வைத்துக்கொண்டார்கள். எந்தப் படத்தின் வெளியீட்டு நாளும் அதன் கழுத்தைப் பிடிக்கவில்லை. வேண்டிய வருடங்களை எடுத்துக்கொண்டார்கள், விற்பனையும் பிரமாதம்.

இனி என் மாணவர் கேட்டதற்கு வருகிறேன். இதற்கு 1969-க்குப் போக வேண்டும்.

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். 'தி ஹாபிட்' 1937-லும் 'தி லார்டு ஆஃப் த ரிங்ஸ்' 1954–55-லும் வெளிவந்தன. 1969-ல், எழுபத்தேழு வயதில், இவற்றின் திரைப்பட உரிமையையும் அதையொட்டிய பொருள்களை விற்கும் உரிமையையும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். 1976-ல் அந்த உரிமைகள் சால் ஸேன்ட்ஸ் என்ற தயாரிப்பாளரின் கைக்கு வந்தன. அவர் இதற்கென்றே 'டோல்கீன் எண்டர்பிரைசஸ்' என்று ஒரு நிறுவனம் வைத்தார். பெயரைப் பார்த்து டோல்கீன் குடும்பத்தின் நிறுவனம் என்று நினைக்காதீர்கள். குடும்பத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குடும்பத்தினுடையது 'டோல்கீன் எஸ்டேட்', அது தனி.

பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்று படங்கள் 2001, 2002, 2003 டிசம்பர்களில் வந்தன. தயாரித்தது நியூ லைன் சினிமா. ஸேன்ட்ஸிடமிருந்து அனுமதி வாங்கித்தான் அவர்களும் எடுத்தார்கள். நம்மூர் சினிமாவில் ஒரே படத்தை ஏரியா ஏரியாவாக விற்பார்கள் அல்லவா, கோவை ஒருவருக்கு, மதுரை–ராமநாதபுரம் ஒருவருக்கு என்று? அப்படி இங்கே கதை இரண்டு ஏரியாவாகப் பிரிந்தது. படத்தில் உள்ளவை, அதாவது நடிகர்களின் முகம், குரல், ஹோவர்ட் ஷோரின் இசை, அரங்குகளின் தோற்றம் எல்லாம் நியூ லைன் பக்கம். புத்தகத்தில் உள்ளவை ஸேன்ட்ஸின் நிறுவனத்தின் பக்கம். படத்தின் ஏரியாவை ஆட்டத்துக்காக வாங்கியது இ.ஏ. புத்தகத்தின் ஏரியாவை வாங்கியது விவெண்டி.

2002-ன் பிற்பகுதியில், சில வார இடைவெளியில், இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். விவெண்டியின் ஆட்டம் 'தி ஃபெலோஷிப் ஆஃப் த ரிங்'. இ.ஏ.யின் ஆட்டம் 'தி டூ டவர்ஸ்'. முதல் பாகத்தின் பெயரைப் பார்த்து விவெண்டியின் பெட்டியை வாங்கிய பிள்ளை, வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், ஃப்ரோடோ யாரோ ஒரு பையன். ஆரகார்ன் யாரோ ஒரு ஆள். எலைஜா வுட்டின் முகம் போல் தெரிந்தாலே வழக்கு வரும். எனவே தெரியாமலிருக்கக் கவனமாக வரைந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இன்னொன்று கிடைத்தது: டாம் பாம்பாடில்.

படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரியாது. புத்தகத்தில் பழைய காட்டில் வாழும் ஒரு விசித்திரமான கிழவர். பாடிக்கொண்டே வருவார், மோதிரம் அவரை ஒன்றும் செய்யாது. கதையின் ஓட்டத்துக்குத் தேவையில்லை என்று ஜாக்சன் அவரை விட்டுவிட்டார். எனவே அவர் படத்தின் ஏரியாவில் இல்லை. விவெண்டியால் அவரைக் காட்ட முடியும், இ.ஏ.யால் முடியாது. விவெண்டியிடம் டாம் பாம்பாடில் இருந்தார், முகங்கள் இல்லை. இ.ஏ.யிடம் முகங்கள் இருந்தன, டாம் பாம்பாடில் இல்லை. உரிமைச் சட்டத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இ.ஏ.யின் 'டூ டவர்ஸ்' அக்டோபரிலேயே வந்துவிட்டது; படம் வந்ததோ டிசம்பரில். படம் வெளிவரும் முன்பே படப்பிடிப்பின் பொருள்கள் அவர்கள் கையில் இருந்தன. தலைப்பு இரண்டாம் படத்துடையது என்றாலும் ஆட்டத்தின் ஆரம்பப் பகுதி முழுக்க முதல் படத்தின் காட்சிகள். மோரியாவின் சுரங்கம்கூட உண்டு. படத்தின் காட்சி ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல உருமாறி ஆட்டமாகிவிடும், கட்டுப்பாடு உங்கள் கைக்கு வரும். அந்தக் காலத்துக்கு அது ஒரு வித்தை. 2003 நவம்பரில் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்' இன்னும் ஒரு படி மேல். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், இயன் மெக்கெல்லன் உட்பட நடிகர்களே குரல் கொடுத்தார்கள். படத்திலிருந்து வந்த ஆட்டம் என்றாலே மட்டம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இந்த இரண்டும்தான். மூன்று படங்களையும் ஒரே தொடர்ச்சியாக எடுத்து முடித்திருந்ததால் உருவாக்கியவர்களுக்குப் பொருளும் காலமும் முன்கூட்டியே கிடைத்தன. வினாத்தாள் நேரத்தோடு வந்தது. விவெண்டியின் ஆட்டமோ சுமாராகத்தான் இருந்தது. அடுத்த பாகம் திட்டமிட்டுக் கைவிடப்பட்டது.

2004-ல் வந்தது மாணவர் ஆடிய அந்த ஆட்டம். படைகளைத் திரட்டிக் கோட்டையைக் காக்கும் போர் விளையாட்டு. ஹெல்ம்ஸ் டீப், மினாஸ் டிரித் எல்லாம் படத்தில் கண்ட அதே கல். ஆனால் ஆட்டம் படத்தின் உரிமத்துக்குள்தான் நின்றது. புத்தகத்தின்படி அதே காலத்தில் வடக்கே குள்ளர்களின் மலையில் பெரும்போர் நடக்கிறது. அது படத்தில் இல்லை, எனவே ஆட்டத்திலும் இல்லை. 2005-ல் இ.ஏ. சலித்துப்போய் ஸேன்ட்ஸின் நிறுவனத்திடம் புத்தக உரிமையையும் வாங்கிவிட்டது. மறு வருடமே வந்த இரண்டாம் பாகத்தில் வடக்கின் போர் முழுவதும் இருக்கிறது. இன்னொரு வரவும் உண்டு. ஆட்டத்தில் போதிய வலிமை சேர்த்தால் ஒரு கிழவரை வரவழைக்கலாம். துள்ளிக் குதித்து எதிரிப் படையைச் சிதறடிப்பார். ஆமாம், டாம் பாம்பாடில்தான். 2002-ல் இ.ஏ.யின் எல்லைக்குள் கால்வைக்க முடியாதவர் 2006-ல் விசா கிடைத்து வந்துவிட்டார்.

இரண்டு ஏரியாவும் ஒரே கையில் சேர்ந்த அந்தக் காலம் நீடிக்கவில்லை. வாடகைச் சீட்டுக்கு முடிவுத் தேதி உண்டு. 2008 முடிவோடு இ.ஏ.யின் உரிமமும் முடிவுக்கு வந்தது. 2009 ஜனவரியில் ஒரு ஆட்டத்தை வெளியிட்டார்கள், அதோடு சரி. பிறகு உரிமம் வார்னர் பக்கம் போனது. நியூ லைனே அதற்குள் வார்னருக்குள் கரைந்துவிட்டிருந்தது. 2010 டிசம்பர் இறுதியில் 'மிடில்-எர்த்' ஆட்டங்களின் இணைய சர்வர்களை இ.ஏ. நிறுத்தியது.

இதுதான் பதில். ஆட்டத்தின் நிரல் இ.ஏ.யினுடையது. முகமும் குரலும் இசையும் வார்னருடையவை. கதை 'மிடில்-எர்த் எண்டர்பிரைசஸ்' என்று பெயர் மாறிய ஸேன்ட்ஸின் பழைய நிறுவனத்திடம். அதை 2022-ல் சுவீடனின் எம்பிரேசர் குழுமம் வாங்கிவிட்டது. பழைய ஆட்டம் ஒன்றை நூறு இருநூறு ரூபாய்க்கு மறுபடி விற்க இத்தனை பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பங்கு பேச வேண்டும். வரும் லாபத்தைவிட வக்கீல் செலவு அதிகம். எனவே யாரும் உட்காரவில்லை. படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, நியூ லைன் எடுத்தது நியூ லைனிடமே இருக்கிறது. புத்தகத்துக்கும் இல்லை. இரண்டிலிருந்தும் பிறந்த பிள்ளைக்குத்தான் வீடு இல்லை.

இந்தப் பத்திர விவகாரம் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். 2012 நவம்பரில் டோல்கீன் எஸ்டேட்டும் பதிப்பாளர் ஹார்ப்பர்காலின்ஸும் வார்னர் மீதும் ஸேன்ட்ஸின் நிறுவனத்தின் மீதும் லாஸ் ஏஞ்சல்ஸில் 8 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். லார்டு ஆஃப் த ரிங்ஸ் பெயரில் இணையத்தில் சூதாட்ட ஸ்லாட் மெஷின் ஓடுவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். எஸ்டேட்டின் வக்கீலுக்கே ஒரு ஸ்பாம் மின்னஞ்சல் வந்து, அதிலிருந்துதான் விஷயம் வெளியானது என்பது மனுவில் இருக்கிறது. அவர்கள் வாதம் இது: 1969-ல் எழுதிக் கொடுத்தது கையால் தொட்டுணரக்கூடிய பொருள்களை விற்கும் உரிமை மட்டுமே, அதாவது பொம்மை, பாத்திரம், எழுதுபொருள், துணிமணி போன்றவை. கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பதைத் தொட முடியுமா? எதிர்த்தரப்பும் பதில் வழக்குப் போட்டது. ஐந்து வருடம் இழுத்து 2017-ல் சமரசமானது. தீர்ப்பு வரவில்லை, சமரசத்தின் விவரமும் வெளியே வரவில்லை.

அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் நிற்கிறது. 1969-ல் வீடியோ கேம் என்று ஒரு வியாபாரமே கிடையாது. 'பாங்' ஆட்டம் வந்ததே 1972-ல். இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதாததால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை நூற்றாண்டு கழித்துச் சண்டை. நம் பக்கத்தில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றை எழுத மறந்துவிட்டு மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடப்பார்களே, அதே கதை.

இது பெரிய நிறுவனங்களின் சண்டை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்தியாவில் 1954-ன் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னையின் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பதிப்பகம் மூடினாலும் பிரதி இருக்கும். ஆட்டங்களுக்கு அப்படி ஒரு அலமாரி இல்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது: 2010-க்கு முன் அங்கே வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று முறையான விற்பனையில் இல்லை. ஆய்வாளர்கள் தங்கள் இடத்திலிருந்தே பழைய ஆட்டங்களைப் பார்க்க நூலகங்களுக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. படத்திலிருந்து வந்த ஆட்டங்களின் நிலைமை இதில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும், சொந்தக்காரர்கள் அதிகம் அல்லவா. 2000-களில் வளர்ந்த ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதுகள் இவை. நாளை அந்தக் காலத்தின் வரலாற்றை எழுதுபவர் எதைப் பார்த்து எழுதுவார்?

கையெழுத்து விழுந்தால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மேலே சொன்ன அலாதீன்களில் சேகாவின் ஆட்டத்தை 2019-ல் இன்றைய இயந்திரங்களுக்கு மறுபடி வெளியிட்டார்கள். நின்டெண்டோவின் அலாதீன் அதில் இல்லை. கேப்காமோடு பேசி முடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. 2021-ல்தான் இரண்டு அலாதீன்களும் முதன்முறையாக ஒரே தொகுப்பில் அடங்கினார்கள். லெகோ பொம்மைகளை வைத்து 2012-ல் வந்த லார்டு ஆஃப் த ரிங்ஸ் ஆட்டமோ 2019 ஜனவரியில் இணையக் கடைகளிலிருந்து ஒரே நாளில் மறைந்தது. சில மாதம் கழித்துச் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. ஏன் போனது, எப்படி வந்தது என்று வாங்குபவருக்கு யாரும் விளக்கவில்லை.

மாணவருக்கு நான் எழுதிய பதில் இது: பழைய டிஸ்க் யாரிடமாவது இருந்தால் விடாதீர்கள், ரசிகர்கள் தாங்களாகவே சர்வர் அமைத்து அதை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் வாங்கக் கிடைக்காது. ஆனால் புத்தக உரிமத்தில் 2007-ல் தொடங்கிய 'லார்டு ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்' என்ற ஆட்டம் இன்றும் நடக்கிறது. படத்தின் முகங்கள் அதில் இருக்காது. பழைய காட்டுக்குள் போனால் டாம் பாம்பாடில் இருப்பார், பையனுக்குக் காட்டுங்கள்.